ராகு காலம் பார்க்கும் மெஷின்கள்

எங்கள் அலுவலகத்தில் லோகேஸ்வரியிடம் திட்டு வாங்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் எங்கள் பாஸ் பரமேஸ்வரன். இன்னொருத்தி நான், குமுதா. பாஸைத் திட்டினால் வேலை போய்விடும். என்னைத் திட்டினால் நான் திருப்பித் திட்டுவேன். மற்றபடி ஏர்கோன் ரிப்பேர் செய்ய வருகிறவர், இன்டர்நெட் கம்பெனிக்காரர், அவள் புருஷன் குகன் என்று எல்லாரும் அவரவர் பங்கை வாங்கியிருக்கிறார்கள். எல்லாரையும்விட அதிகமாக வாங்குவது மெஷின்கள். "ஏன்டா, நேத்து நல்லாத்தானே இருந்தே? இன்னிக்கு என்னாடா வந்துச்சு ஒனக்கு?" என்று அவள் சர்வர் ரூமுக்குள் கத்துவது கீழே சேலைக் கடை வரைக்கும் கேட்கும். புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள் உள்ளே யாரோ ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டதாக நினைத்து என்னைப் பார்ப்பார்கள். நான் ஒன்றும் தெரியாதவள்போல் ஃபோனை எடுத்துக்கொள்வேன். வாடிக்கையாளர் ஃபோனை எடுப்பதுதான் என் வேலை என்பதால் அது பொருத்தமாகவும் இருக்கும்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அலுவலகம் சேலைக் கடைக்கு மேல்மாடி. சர்வர் ரூம் ஒரு காலத்தில் சேலைக் கட்டுகள் அடுக்கிவைத்த ஸ்டோர். இப்போது அங்கே கறுப்பு நிறத்தில் பெரிய பெரிய சர்வர்கள் நின்றுகொண்டு இரைகின்றன. மற்ற கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் வசதி செய்து தருவது எங்கள் தொழில். கணக்கு பார்க்க ஒரு மெஷின் வேண்டும், ஸ்டோக் பார்க்க ஒரு மெஷின் வேண்டும் என்று கேட்பார்கள். நாங்கள் பெட்டி வாங்கிக் கொடுப்பதில்லை. அந்தப் பெரிய சர்வர்களுக்குள்ளேயே, மென்பொருளால் ஒரு சின்ன மெஷினை உண்டாக்கி, தூரத்திலிருந்தே பயன்படுத்தும்படி கொடுப்போம். வாங்கியவருக்கு அது தனி மெஷின். எங்களுக்கு அது பெரிய மெஷினுக்குள் குடியிருக்கிற ஒரு குடித்தனம். வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகள் இதைத்தான் கிளவுட் என்று விற்கின்றன. எங்களுடையது சொந்தக் கிளவுட். மேகம் என்று பேர்தானே தவிர, மழை பெய்தால் நாங்கள் கூரையைப் பார்த்துப் பயப்படுவோம்.

இந்த வித்தையை லோகேஸ் கிள்ளானில் கற்றாள். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். பள்ளி முடித்த கையோடு இவள் கிள்ளானிலேயே ஒரு சைபர் கேஃபேயில் வேலைக்குச் சேர்ந்தாள். பையன்கள் கேம் விளையாடி, கண்டதையும் இறக்கி, சாயங்காலத்துக்குள் எல்லா கம்ப்யூட்டரையும் நாறடித்துவிட்டுப் போவார்கள். முதலாளி இவளைத்தான் ஒவ்வொன்றாகச் சரி பண்ணச் சொல்வார். நம்ம ஆள் எத்தனை நாள் பொறுப்பாள்? ஒரே ஒரு கம்ப்யூட்டரை ஒழுங்காகத் தயார் பண்ணி, அதன் டிஸ்க்கை அப்படியே பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு எது கெட்டாலும் அந்தப் பிரதியை அதில் ஊற்றிவிட்டு, கால் மேல் கால் போட்டு எண்ணெயில் பொரித்த வாழைப்பழ ஜெம்புட் சாப்பிட்டாள்.

பிறகு பொலிடெக்னிக்கில் படித்தாள், எங்களிடம் வந்தாள், சர்வர்கள் பெரிதாகின. வேலை அதேதான். ஒரு மெஷினைத் தனக்குப் பிடித்த மாதிரி தயார் செய்வாள். அதன் சொந்த அடையாளங்களை எல்லாம் அழிப்பாள். இதற்கு அவள் வைத்த பேர் மூஞ்சி கழுவி விடுவது. அப்புறம் அதன் டிஸ்க்கை ஒரே கோப்பாக எடுத்துச் சேமிப்பாள். ஊரில் இதை இமேஜ் என்கிறார்கள். லோகேஸுக்கு அது அச்சு. முறுக்கு அச்சு மாதிரி, ஒன்று சரியாக இருந்தால் போதும், பிழியப் பிழிய அதே முறுக்கு. ஒரு வாடிக்கையாளர் காலையில் கேட்டால் அவர் டீ குடித்து முடிப்பதற்குள் மெஷின் கண் திறந்திருக்கும்.

அந்தக் கண் திறக்கும் நேரத்தில்தான் எங்கள் பாஸ் குறுக்கே வந்தார்.

பரமேஸ்வரன் நல்ல மனிதர். ஆனால் நாள்காட்டியைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். ராகு காலத்தில் எங்கள் கம்பெனியில் எந்தப் புது மெஷினும் உயிர் பெறக்கூடாது என்பது அவர் சட்டம். ஒவ்வொரு முறையும் ஃபோன் வரும். "லோகேஸ், நேரம் பாத்தியாம்மா?" வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். வாடிக்கையாளர்களுக்கு எல்லாம் அவசரமாக வேண்டியிருப்பதும் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைதான். அவர்கள் என்னைப் பிடித்துக் கத்துவார்கள். நான் போய் லோகேஸைப் பிடித்துக் கத்துவேன். பாஸ் ஃபோனை வைத்த பிறகு அவள் ரூமுக்குள் போய் மெஷின்களைப் பிடித்துக் கத்துவாள்.

ஒரு நாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அச்சுக்குள்ளேயே சில வரிகள் எழுதிச் சேர்த்தாள். புது மெஷின் முதல்முறை கண் திறக்கும்போது கிழமையும் மணியும் பார்க்கும். ராகு காலமாக இருந்தால் எந்த வேலையும் தொடங்காமல் சும்மா இருந்து, அது முடிந்தபின் தானே எழுந்துகொள்ளும். தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தாள். அழகாக நின்றது, அழகாக எழுந்தது. "பாஸ், இனிமே நீங்க கவலைப்பட வேணாம். மெஷினே நேரம் பாத்துக்கும்" என்றாள்.

பாஸுக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் கமிட்டியில் சொன்னார், கல்யாண வீடுகளில் சொன்னார். "நம்ம சர்வருங்க ராகு காலத்துல கண்ணே தொறக்காது லா!" ஃபோன் வருவது நின்றது. லோகேஸ் அதற்குப் பிறகு நாள்காட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுதியதையே மறந்துவிட்டாள் என்று சொன்னாலும் தப்பில்லை. நினைத்த நேரத்தில் மெஷின்களை எழுப்பினாள். அவையும் சமர்த்தாக எழுந்தன. இப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

போன வருஷம் பாஸின் மருமகன் சுகுமாறன் எங்களோடு சேர்ந்தார். பெரிய படிப்பு. ஆனாலும் தலைக்கனம் இல்லாதவர், வரும்போதெல்லாம் உருளைக்கிழங்கு மசாலா வைத்த கறிபாப் வாங்கி வருவார். அதனால் அவரை வெறுக்க என்னால் முடியவில்லை, முயற்சி செய்து பார்த்தேன். அவருக்கு அந்த ரூமைப் பார்த்தாலே பயம். "மாமா, மேல கூரை, கீழ சேலைக் கடை, கரண்டு போனா நாம அவுட். வெளிநாட்டுக் கிளவுட்டுல வாடகைக்கு எடுத்துக்கலாம், இந்தத் தலைவலியே இருக்காது" என்றார். தப்பாகவும் சொல்லவில்லை.

பாஸ் யோசித்தார். தீபாவளி முடிந்து அலுவலகம் திறந்ததும் எங்களைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார். அடுத்து வரப்போகிற பெரிய வேலை மாதவி டீச்சருடையது. அது நல்லபடியாக முடிந்தால் ரூம் இருக்கும். சொதப்பினால் மாப்பிள்ளை சொன்னபடி எல்லாம் வெளிநாட்டுக்குப் போகும், ரூமைக் காலி செய்துவிடலாம், லோகேஸ் பங்சார் கிளையில் கவுண்டரைப் பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே வந்ததும் லோகேஸ் என் மேசையில் சாய்ந்துகொண்டாள். "அக்கா, நான் கவுண்டர்ல உக்காந்து வரவங்களப் பாத்து சிரிச்சிக்கிட்டு இருக்கணுமாக்கா?"

அவள் சிரித்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதை நானும் நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "அந்த ரூம்ல ஒவ்வொரு வயரும் நான் இழுத்ததுக்கா" என்றாள். நான் "சரி சரி, போய் வேலையப் பாரு" என்று விரட்டினேன்.

மாதவி டீச்சர் கிள்ளான் பக்கம் நாலைந்து இடங்களில் டியூசன் மையம் வைத்திருக்கிறார். எஸ்பிஎம் அரசாங்கத் தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு மாதிரித் தேர்வு, எல்லா மையத்திலும் ஒரே நேரத்தில், கம்ப்யூட்டரில். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பம். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் எழுதுவார்கள் என்பதால் நிறைய மெஷின்கள் வேண்டும். அவ்வளவுக்கு எங்கள் சர்வர்களில் இடம் இல்லை. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடைகண்ணிக்காரர்களின் மெஷின்களை உறங்க வைத்துவிட்டு, அந்த இடத்தில் தேர்வு மெஷின்களை எழுப்பலாம் என்று லோகேஸ் திட்டம் போட்டாள்.

பழைய அச்சை எடுத்து அதன் மேலேயே புதியதைச் செய்தாள். தேர்வு மென்பொருளைப் போட்டாள், தமிழ்த் தாளுக்குத் தமிழ் எழுத்துகள் உடையாமல் வருகின்றனவா என்று பார்த்தாள், மூஞ்சி கழுவினாள், கோப்பாக்கினாள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சோதனை. எல்லா மெஷின்களும் நொடியில் எழுந்தன. நானே பிள்ளை மாதிரி உட்கார்ந்து தேர்வு எழுதிப் பார்த்தேன். இலக்கணத்தில் கோட்டை விட்டேன், ஆனால் மெஷின் நன்றாக ஓடியது.

சனிக்கிழமை ஐந்து மணி அடித்ததும் லோகேஸ் பட்டனைத் தட்டினாள். திரையில் மெஷின்கள் வரிசையாகப் பச்சையாகின. "பாத்தீங்களாக்கா" என்று அவள் வாயெடுக்கும் முன்பே என் ஃபோன் அடித்தது.

மாதவி டீச்சர். "குமுதா, பக்கமே தொறக்கலயே! பிள்ளைங்க எல்லாம் வந்து உக்காந்துட்டாங்க!"

லோகேஸ் ஒரு மெஷினுக்குள் எட்டிப் பார்த்தாள். கறுப்புத் திரை. ஒரே ஒரு வரி. சபார் யா. பொறுமையாக இருங்கள் என்று மலாயில் யாரோ நம்மிடம் கெஞ்சுகிற மாதிரி. இன்னொன்றைத் திறந்தாள். சபார் யா. எல்லாவற்றிலும் சபார் யா.

"இது அந்த எக்ஸாம் சாஃப்ட்வேர்காரன் வேலை!" என்று பினாங்கில் இருக்கிற அந்த ஆளுக்கு ஃபோன் போட்டுக் கிழி கிழி என்று கிழித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனிதர், பாவம், தன் மென்பொருளில் அப்படி ஒரு வரி இல்லவே இல்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். லோகேஸ் ஃபோனை வைத்தாள். சில மெஷின்களை அழித்துவிட்டுப் புதிதாக எழுப்பினாள். சபார் யா. அப்புறம் அவள் யாரையும் திட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தபடி நின்றாள். அவள் வாய் மூடி நின்றதை நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறேன். எனக்குப் பயமாகிவிட்டது.

ஃபோனில் மாதவி டீச்சரின் குரல் ஏறிக்கொண்டே போனது. ஒரு மையத்தில் பிள்ளை ஒன்று பதற்றத்தில் அழ ஆரம்பித்துவிட்டதாம். பெற்றோர் ஒருவர் சண்டைக்கு வருகிறாராம். அந்த நேரம் பார்த்து சுகுமாறன் கறிபாப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு லோகேஸின் பக்கத்தில் போய் நின்றார். இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரூம் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் திரையின் ஓரத்தில் ஓடிய மணியை உற்றுப் பார்த்தார். "லோகேஸ், இந்த மெஷின்ல மணி ஏன் ஒம்போதுன்னு காட்டுது?"

"அது அப்படித்தான் சார். நாம மாத்தாட்டி எல்லா மெஷினும் லண்டன் மணியிலதான் ஓடும். எட்டு மணி நேரம் பின்னால..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். கை தானாகத் தலைக்குப் போனது. "அய்யோ அக்கா! சனிக்கிழமை ஒம்போது மணி ராகு காலம்!"

அந்த வரி அவளே எழுதியது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ராகு காலத்தில் காத்திருக்கும்போது மெஷின் என்ன காட்டட்டும் என்று யோசித்து, சபார் யா என்று விளையாட்டாகப் போட்டிருக்கிறாள். லேப்டாப்பில் நம்ம ஊர் மணி, அதனால் சோதனை சரியாக வந்தது. அச்சுக்குள் லண்டன் மணி. எங்கள் மெஷின்கள் இத்தனை நாளாக பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்துகொண்டு லண்டனுக்கு ராகு காலம் பார்த்திருக்கின்றன. எங்கள் வேலை நேரத்தில் அது வருவது திங்கட்கிழமை சாயங்காலம் மட்டும். அப்போது பாஸ் எங்களை மீட்டிங்கில் உட்கார வைத்திருப்பார். அதனால் ஒருநாளும் மாட்டவில்லை.

"ஒவ்வொரு மெஷினா உள்ள போய் அந்த வரிகள நிறுத்திடலாமா?" என்றார் சுகுமாறன்.

"வேணாம் சார், எதையாச்சும் விட்டுடுவோம். அச்சையே சரி பண்ணிடறேன்."

அதற்கப்புறம் அவள் கை பறந்தது. ஒரே ஒரு மெஷினைத் திறந்து அந்த வரிகளைப் பிடுங்கி எறிந்தாள். மூஞ்சி கழுவினாள், அணைத்தாள், டிஸ்க்கைக் கோப்பாக எடுத்தாள். நான் மாதவி டீச்சரிடம் எனக்குத் தெரிந்த எல்லாச் சமாதானத்தையும் சொன்னேன், தெரியாததையும் சொன்னேன். சுகுமாறன் பெற்றோரிடம் தானே பேசுகிறேன் என்று ஃபோனை வாங்கிக்கொண்டார். லோகேஸ் பழைய மெஷின்களை எல்லாம் அழித்துவிட்டு, புது அச்சிலிருந்து மறுபடி தட்டினாள். பச்சை, பச்சை, பச்சை. ஃபோனில் டீச்சர், "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று கத்தினார். தேர்வு அரை மணி தாமதமாக ஆரம்பித்து, ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது.

கறிபாப் ஆறிப்போயிருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து அதையே தின்றோம். திடீரென்று சுகுமாறன் சிரிக்க ஆரம்பித்தார். "அப்போ இங்க ராகு காலத்துல? மெஷினுங்க பாட்டுக்கு எழுந்துக்கிட்டா இருந்துச்சு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணி சோதனை! மூன்று வருஷமாக எங்கள் மெஷின்களில் பாதி, பாஸ் பயந்து நடுங்கிய அதே நேரத்தில் பிறந்தவை. எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. லோகேஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"மாமாகிட்ட நெட்வர்க் பிரோப்லம்னு சொல்லிடலாம். நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார் சுகுமாறன். ரூமை மூட நினைத்த மனிதர் சொன்னது இது. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் பாஸ் கேட்டார். "எக்ஸாம் நல்லா நடந்துச்சுன்னு டீச்சர் சொன்னாங்க. ஆனா ஏம்மா லேட்டு?"

நான் மேசைக்கு அடியில் லோகேஸின் காலை மிதித்தேன். நெட்வர்க் என்று சொல்லடி என்று அர்த்தம். அவள் காலை நகர்த்திக்கொண்டாள். லண்டன் மணியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

பாஸ் அசையாமல் கேட்டார். "அப்போ... நாம ஹாஸ்பிட்டலுக்குக் குடுத்த மெஷின் எப்போ எழுந்துச்சு?" என்றார்.

"வெள்ளிக்கெழம பதினோரு மணி, பாஸ்."

"லோரி கம்பெனி?"

"புதன்கெழம, சாப்பாட்டு நேரம். அதுவும் ராகு காலம்தான்."

"ரெண்டும் நல்லாத்தானே ஓடுது?"

"ஒரு நாள் படுக்கல, பாஸ்."

பாஸ் சுவரில் இருந்த நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தார். கட்டின பெண்டாட்டி பொய் சொன்னதைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு பார்வை. பிறகு முகம் மெல்லத் தெளிந்தது. "அப்போ நமக்கு லண்டன் ராகு காலந்தான் ஒத்து வருது. அப்படியே விட்டுடும்மா. எதையும் மாத்தாத."

எனக்கு மூச்சு வந்தது. ரூம் தப்பித்தது, ஆள் தப்பித்தாள், இனி வாயை மூடிக்கொண்டு வந்துவிடலாம்.

"முடியாது, பாஸ்" என்றாள் லோகேஸ்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அதை நல்லதுக்குன்னு நான் எழுதல. நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க, உங்க வாயை அடைக்கறதுக்கு எழுதுனேன். அதனால எத்தனை பிள்ளைங்க எக்ஸாம் தாள் வராம முழிச்சிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. ஒரு பிள்ளை அழுதுருக்கு. இனிமே என் மெஷின்ல நேரங்காலம் எதுவும் வைக்க மாட்டேன். நேரம் பாக்கணும்னா நீங்க சாமி ரூம்ல பாருங்க, சர்வர் ரூம்ல என்னை வேலையப் பாக்க விடுங்க. இது சரிப்படாதுன்னா பங்சாருக்கே அனுப்பிடுங்க, போறேன்." சொல்லிவிட்டு எழுந்து நின்றாள்.

பாஸ் அவளைப் பார்க்கவில்லை. மருமகனைப் பார்த்தார். "மாப்பிள்ளை, உங்க வெளிநாட்டுக் கிளவுட்டுல இந்த மாதிரி ஒண்ணு நடந்தா, யாரு நம்மகிட்ட வந்து இப்படிச் சொல்லுவா?"

"யாரும் வர மாட்டாங்க, மாமா. ஒரு ஈமெயில் வரும்."

"அதுல யாரு தப்புன்னு போட்டிருக்குமா?"

"இருக்காது, மாமா."

பாஸ் தலையை ஆட்டினார். "ரூம் இருக்கட்டும்" என்றார். "ஒக்காரும்மா."

லோகேஸ் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதாள்.